அண்டாவ எங்க கையில குடுங்க சாமி

பங்குச்சாமிக்கும், பங்குப்பேரவையிலயும் நிதிக்குழுவுலயும் இருக்க அண்ணன்மார் தம்பிமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இத நேர்ல சொல்லிடலாம்னுதான் இத்தன நாளா பாத்தேன். பூசை முடிஞ்சு வந்து நின்னா, புது வண்டிய மந்திரிக்கணும்னு ஒருத்தர், ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு ஒருத்தர், சாமியும் பாவம் கஞ்சி கூட குடிக்காம நிக்கிறாரு. கோவில் காரியங்களப் பேசி முடிவு பண்ற பேரவைக் கூட்டத்துல சொல்லலாம்னா எங்க விஷயம் எப்பவும் கடைசியா 'இதர'ங்கற தலைப்புல வருது, அது வர்றப்ப மணி ஒம்பது ஆயிருக்கும், பாதிப் பேரு எந்திரிச்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருப்பாங்க, குடிச்ச டீ கிளாச நாங்க எடுத்துக் கழுவிக்கிட்டு இருப்போம். அதனால எழுதிடறேன், பொதுவுலயே எழுதறேன், எல்லாரும் படிக்கட்டும். நான் தையல் மெஷின் மிதிக்கிறவ, எழுதிப் பழக்கம் இல்ல, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

விஷயம் அண்டாதான். ஸ்டோர் ரூம் மூலைல கவுத்து வச்சிருக்கே பெரிய பித்தளை அண்டா, விளிம்புல இனிஷியல் வெட்டியிருக்கும், நாலு பேரு சேந்தாதான் தூக்க முடியும், அது கோவில் அண்டா இல்ல. பாத்திர வாடகை லிஸ்ட்ல 'அண்டா பெரியது 1'ன்னு எழுதி ரேட் போட்டிருக்கீங்க, நானே பாத்தேன். அது எப்படி நம்ம கோவிலுக்குள்ள வந்துச்சுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியாது, சாமி வந்து ஆறு மாசம்தான் ஆகுது, அவருக்குத் தெரிய ஞாயமே இல்ல.

ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டுல ஒரு ஆச்சி இருந்தாக. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு இந்தத் தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியற வீடு, பிள்ளைக எல்லாம் வெளிநாட்டுல, வாசல்ல ஒரு வாட்ச்மேன், சமையலுக்கு ஒரு பொண்ணு, அவ்வளவுதான் ஆளு. ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையாயிட்டாக. அந்த சமையல்காரப் பொண்ணு எங்க அன்பியத்து ஆளு, அன்பியம்னா பக்கத்துப் பக்கத்து கத்தோலிக்க வீடுக சேந்து கூடற குழு, அவ வந்து 'அக்கா, முதுகுல புண்ணு வச்சிருச்சு, நான் ஒருத்தியா புரட்ட முடியல'ன்னு அழுதா. நாங்க மரியாயின் சேனைங்கற பங்குச் செபக் குழுல இருந்து வாரா வாரம் வியாழக்கிழமை ரெண்டு ரெண்டு பேரா வீடு சந்திக்கப் போறவங்க, அவங்க நம்ம ஆளு இல்லையேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சோம், மறைக்கல. அப்பறம் போனோம். போனப்ப ஆச்சி கேட்ட முதல் கேள்வி, 'வேதத்துல சேக்க வந்தீகளா?' இல்ல ஆச்சி, புரட்டிப் படுக்க வைக்க வந்தோம்னு சொன்னதும் சிரிச்சிட்டாக.

அங்கதான் நான் நைட்டி தைக்கக் கத்துக்கிட்டேன். முப்பது வருசமா தைக்கிறவ என்ன கத்துக்கறதுன்னு கேப்பீங்க. படுக்கையா கிடக்கவங்களுக்கு கடைல விக்கிற நைட்டிய தலை வழியா மாட்ட முடியாது, ரெண்டு பேரு தூக்கணும், தூக்குறப்ப புண்ணு உரசும், அவங்க கத்துவாங்க. அதனால கழுத்துல இருந்து கீழ் மடிப்பு வரைக்கும் பின்பக்கத்தப் பொளந்து விட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி துணி கூடுதலா விட்டு, முன்னாடி இருந்தே கை நொழைச்சு மாட்டுற மாதிரி தைக்கணும். பட்டன் வைக்கக் கூடாது, எலாஸ்டிக் கூடாது, நாடாதான். அந்த நாடாவையும் நடு முதுகுல வச்சேன் முதல் தடவ, முடிச்சு முதுகுக்கு அடியில அழுந்தி அதுவே தடிச்சுப் போச்சு. அப்பறம்தான் முடிச்சு தோள்பட்டை ஓரமும் விலா ஓரமும் வர்ற மாதிரி மாத்துனேன். துணி புதுசா இருந்தா விறைப்பா இருக்கும், துவைச்சுத் துவைச்சு நூலாப் போன பழைய கண்டாங்கி, பழைய வேட்டி, அதுதான் தோலுக்கு இதம். போன மகளிர் தினத்துக்கு எங்கள மேடை ஏத்தி ஆளுக்கொரு சால்வை போத்துனீங்கள்ல, அத வச்சு ஏதாவது தைக்கலாம்னு பாத்தேன், ஒண்ணுக்கும் ஆகல, பாலியஸ்டர், வழுக்குது, வேர்க்குது.

ஆச்சி ஒரு நாளு எங்க பேச்சுல, ஈஸ்டருக்கு முந்தி தவக்காலத்துல ஊத்தற கஞ்சி பத்திக் கேட்டாக. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிஞ்சு கஞ்சி ஊத்துறது, இருக்கது ரெண்டு அலுமினியக் குண்டான், பத்தலன்னு சொன்னோம். மறு வியாழன் போனா வளவுல இந்த அண்டா நிக்கிது. சமையல் பொண்ணையும் வாட்ச்மேனையும் வச்சு பாத்திர அறையில இருந்து உருட்டிக் கொண்டாந்து புளி போட்டு விளக்கி வச்சிருந்தாக. 'எங்க ஆத்தா வீட்டு சீர்ல வந்தது, உள்ள கிடந்து கறுக்குது, கொண்டு போயி நாலு பேருக்குக் கஞ்சி காச்சுங்கடி, வச்சுப் பூட்டாதீக.' இந்த வார்த்தைய நான் காதால கேட்டேன், என் கூட வந்தவளும் கேட்டா. ஆச்சி போன ஐப்பசில தவறிட்டாக. நாங்க தச்சுக் குடுத்த நைட்டிலதான் கடைசி வரைக்கும் இருந்தாக.

இப்ப இந்தத் தவக்காலத்துக்கு வாங்க. மூணாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் அரிசி கழுவ வந்து பாக்கறோம், அண்டாவக் காணோம். ஒரு காதுகுத்துக்கு வாடகைக்குப் போயிருச்சு! வாடகைய ரசீது போட்டு பொதுக் கணக்குல சேத்தாச்சு, எங்க யாருகிட்டயும் ஒரு வார்த்தை இல்ல. நாங்க அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி வீடு வீடா குக்கர், குண்டான், இட்லிச் சட்டி வரைக்கும் வாங்கி, ஏழு அடுப்புல ஏழு விதமா கஞ்சி காச்சி, ஒண்ணு அடிப்புடிச்சு ஒண்ணு தண்ணியாகி, கடைசில நின்ன பிள்ளைகளுக்கு வெறும் தொவையல்தான் மிச்சம். ஞாயித்துக்கிழமை அண்டா திரும்பி வந்துச்சு, அடியில ஒரு நசுங்கலோட.

இது ஒரு அண்டா விஷயம்னா நான் இவ்வளவு எழுதமாட்டேன். அரிசியும் இதே கதைதான்.

கைப்பிடி அரிசி எப்படின்னு உங்க வீட்டுப் பொம்பளைகளக் கேளுங்க. உலை வைக்கிறப்ப அளந்த அரிசில இருந்து ஒரு கை எடுத்து தனி டப்பால போடறது, மாசக் கடைசில அன்பியத்துல ஒருத்தி வீடு வீடாப் போயி சேத்துட்டு வர்றது. சாக்குல கொட்டுனா ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு ரேஷன் அரிசி, ஒரு வீட்டு இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கும், அப்படியே வடிச்சா ஒண்ணு கொழஞ்சு போகும் ஒண்ணு நறுக்குனு நிக்கும். அதனால வாங்குறப்பவே ரேஷன் அரிசிக்கு ஒரு சாக்கு, பொன்னிக்கு ஒரு சாக்கு, இட்லி அரிசிக்கு ஒரு தூக்குச் சட்டின்னு பிரிச்சுத்தான் வாங்குவோம், கலந்து வந்தது கஞ்சிக்குப் போகும், பொன்னி வயசானவங்க வீட்டுக்குப் போகும், இட்லி அரிசி ரெண்டு விதவைப் பொம்பளைக இட்லிக் கடை போட்டிருக்காங்களே அவங்களுக்கு. புழு பூச்சி பாத்து, வேப்பிலை போட்டு, கட்டி வைப்போம். இதுக்கெல்லாம் எந்த மினிட்ஸ் புக்குலயும் ஒரு வரி கிடையாது.

சரி, கட்டி வச்ச அரிசி எங்க இருக்கு? ஸ்டோர் ரூம்ல. சாவி யாருகிட்ட? ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழரை மணி இருக்கும், ஒரு பொண்ணு ரெண்டு பிள்ளைகளோட வந்து நின்னா, புருசன் ஜிஎச்ல, கையில காசில்ல, வீட்ல மணி அரிசி இல்ல. சாவி வச்சிருந்த அண்ணன் கல்யாணத்துக்கு திருச்சி போயிட்டாரு. போன் போட்டா 'நாளைக்கு வந்து பாத்துக்கலாம்மா'ங்கறாரு. நாளைக்கு பாக்கலாம், பசி? அன்னைக்கு அவளுக்குக் குடுத்தது எங்க நாலு பேரு வீட்டுப் பானைல இருந்து எடுத்த அரிசி. பூட்டுன கதவுக்குப் பின்னாடி நாங்க சேத்த ரெண்டு மூட்டை வண்டு விழுந்துக்கிட்டுக் கிடந்துச்சு. அந்த அண்ணன் மேல எனக்குக் கோவமில்ல, நல்ல மனுசன், சப்பரம் தூக்க முதல் ஆளா நிப்பாரு. சாவி அவருகிட்ட இருக்கணும்னு யாரு எப்ப முடிவு பண்ணாங்கன்னுதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, ஏழைகளுக்குன்னு ஒரு உண்டியல் இருக்கு, அந்தோணியார் சுரூபத்துக்கிட்ட. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வர்றவங்க அதுல போடுவாங்க, பாதிப் பேரு இந்துக்கள், முஸ்லிம் அம்மாக்களும் வந்து போடுவாங்க. போன திருவிழாவுக்கு சீரியல் செட்டுக்கும் மைக் செட்டுக்கும் பத்தலன்னு அதுல இருந்து எடுத்திருக்கீங்க, 'அப்பறம் போட்டுக்கலாம்'னு. போடல. இத நான் இட்டுக்கட்டல, உங்க கணக்குலயே இருக்கு, 'உள் மாற்றல்'னு. எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிச்சது.

நம்ம ஊரு கணக்கு எழுதுன ஊரு சாமி. பர்மா, மலாயான்னு கடை வச்சவங்க லாபத்துல தர்மத்துக்குன்னு ஒரு பங்க மகமைன்னு எடுத்து வச்சு அதுக்குத் தனியா பேரேடு போட்ட மண்ணு இது, மகமைப் பணத்துல கை வைக்க பயப்படுவாங்கன்னு எங்க அப்பத்தா சொல்லும், அது அந்த வீடுகள்ல வேலை பாத்த பொம்பளை. கோவிலுக்குள்ள இருக்க நம்மகிட்ட அந்த பயம் கொஞ்சமாவது வேணாமா?

இந்த இடத்துல 'பொம்பளைகளுக்கு எதுக்கு கணக்கு வழக்கு, ஊழியம் செய்யுங்க போதும்'னு ஒரு தம்பி போன கூட்டத்துல சொன்னாப்ல. தம்பி, உனக்காக ஒரு கதை. 1617ல பிரான்சு தேசத்துல சாத்தியோன்னு ஒரு சின்ன ஊர்ல நம்ம வின்சென்ட் தே பால் பங்குச்சாமியா இருந்தாரு. ஒரு ஞாயித்துக்கிழமை பூசைக்கு உடுப்பு மாட்டிக்கிட்டு இருக்கப்ப, ஊருக்கு வெளிய ஒரு வீட்ல எல்லாரும் சீக்கா கிடக்காங்க, ஏன்னு கேக்க ஆளில்லன்னு ஒரு அம்மா வந்து சொன்னாங்க. அவரு அத அப்படியே பிரசங்கத்துல சொல்லிட்டாரு. சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனா வழி நெடுக பொம்பளைக, தூக்கிட்டுப் போறதும் வர்றதுமா. அவ்வளவு சாப்பாடும் ஒரே நாள்ல வந்தா அந்த வீட்டுக்காரங்க எத்தனையத் திம்பாங்க, மிச்சம் கெட்டுப் போகும், மறுநாள் பழையபடி பட்டினி. அதப் பாத்துட்டுத்தான் அவரு அந்தப் பொம்பளைகளக் கூப்பிட்டு உக்கார வச்சு, இன்னைக்கு நீ, நாளைக்கு அவன்னு முறை போட்டு ஒரு சங்கமா ஆக்குனாரு. அந்த சங்கத்துக்கு எழுதுன விதில பொருளாளர் ஒரு பொம்பளை. துணைக்கு வெளி வேலை பாக்க ஒரு ஆம்பளையையும் வச்சாங்க, இல்லேங்கல. ஆனா காசு வந்ததும் போனதும் ஒரு அம்மா கை வழியா. 400 வருசத்துக்கு முன்னாடி!

அவரு பேர்ல நம்ம பங்குல இருக்க, ஏழைகளுக்கு உதவற வின்சென்ட் சபை 1833ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. ஓசானாம்னு 20 வயசுக் காலேஜ் பையன், அவன் கூட்டாளிக கொஞ்சம் பேரு, கூட பத்திரிகை நடத்துன ஒரு பெரியவரு. ஏழைகளுக்கு ஏதாவது செய்யணும்னு கிளம்பிட்டாங்களே ஒழிய எந்தத் தெரு, எந்த வீடு, போயி என்ன பேசறதுன்னு ஒண்ணும் தெரியாது. ரோசலின்னு ஒரு சிஸ்டர்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி சொல்லிக் குடுத்தாங்க, அந்த ஏழைத் தெருக்கள்ல அவங்களுக்குத் தெரியாத வாசப்படி கிடையாது, 2003ல திருச்சபை அவங்கள முத்திப்பேறு பெற்றவங்கன்னு அறிவிச்சது, புனிதர் பட்டத்துக்கு முந்தின படி அது. வேடிக்கை என்னன்னா சொல்லிக் குடுத்தது ஒரு பொம்பளை, ஆனா அந்தச் சபைல பெண்கள உறுப்பினரா சேத்துக்கிட்டது 1967லதான், அதுவரைக்கும் தனியா ஒரு பெண்கள் சபை நடந்துச்சு. மரியாயின் சேனையும் அப்படித்தான், 1921 செப்டம்பர் 7 டப்ளின்ல முதல் கூட்டத்துல உக்காந்திருந்தது ஒரு சாமி, பிராங்க் டஃப், மீதி எல்லாம் பெண்கள். முதல் வேலையா அவங்க போனது ஆஸ்பத்திரில கிடந்த ஏழைப் பொம்பளைகளப் பாக்க.

சேனைன்னதும் ஒரு விஷயம், புதுசா வந்த பேரவைத் தம்பி ஒருத்தர் 'சேனைக்காரங்க பொருள் உதவி செய்யக் கூடாதுன்னு சேனைக் கையேட்டுலயே இருக்கே, அப்பறம் ஏன் அரிசி தூக்கிட்டுப் போறீங்க'ன்னு மடக்குனாரு. சரியாத்தான் படிச்சிருக்காரு, அப்படித்தான் இருக்கு. நாங்க சேனையா போறப்ப வெறுங்கையாத்தான் போவோம், போயி உக்காந்து பேசி, செபம் பண்ணி, வீட்டு நிலவரத்தப் பாத்துட்டு வருவோம். என்ன தேவைன்னு வின்சென்ட் சபைக்கு சொல்லி விடுவோம், அவங்க போயி குடுப்பாங்க. கை நிறையா கொண்டு போனா அந்த வீட்டுக்காரங்க கண்ணு பையிலதான் இருக்கும், மனசுல இருக்கத பேசமாட்டாங்க, அதுக்குத்தான் அந்த விதி, நல்ல விதி. நம்ம பங்குல சிக்கல் என்னன்னா சேனைல இருக்க அதே எட்டுப் பேருதான் வின்சென்ட் சபைலயும் இருக்கோம், மாதா சபைலயும் இருக்கோம், பூ கட்டறதும் நாங்கதான், கோவில் கூட்டறதும் நாங்கதான். வியாழக்கிழமை வெறுங்கையோட போயிட்டு சனிக்கிழமை அதே வீட்டுக்கு பையோட போறோம். பாக்குறவங்களுக்கு சிரிப்பாத்தான் இருக்கும்.

இதே எட்டுப் பேருல ஆறு பேரு மகளிர் சுயஉதவிக் குழுல இருக்கோம். தமிழ்நாட்டுல 1989ல தர்மபுரில ஆரம்பிச்ச திட்டம், இப்ப குழு இல்லாத தெரு இல்ல. பேங்க்ல எங்க பேர்ல கணக்கு, தீர்மான நோட்டு, ரெண்டு பேரு கையெழுத்து, லோன் எடுத்து மாசாமாசம் தவணை கட்டி, ஒரு ரூவா குறைஞ்சா நைட்டு பதினோரு மணி வரைக்கும் உக்காந்து தேடுவோம். லட்ச ரூவா லோனுக்கு எங்க கையெழுத்த நம்பறாங்க, சாக்கு அரிசிக்கு நீங்க நம்பமாட்டேங்கறீங்க. பஞ்சாயத்துல பாதி இடம் பெண்களுக்குன்னு 2016லயே சட்டம் வந்தாச்சு. அங்கயும் பொண்டாட்டி தலைவரு, புருசன் நாற்காலிலங்கற கூத்து நடக்கத்தான் செய்யுது, ஆனா கையெழுத்தாவது அவ கையில இருக்கு.

திருச்சபைச் சட்டத்த நான் கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், ஒரு சிஸ்டர்தான் எடுத்துக் காட்டுனாங்க. 1983ல வந்த சட்டத் தொகுப்புல 537வது சட்டம், ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு இருந்தே ஆகணும்னு சொல்லுது. விசுவாசிகள்னுதான் இருக்கு, ஆம்பளைகன்னு இல்ல. இந்திய ஆயர் பேரவை, அதான் பிஷப்மாருங்க சபை, 2010ல பாலினக் கொள்கைன்னே ஒண்ணு போட்டுச்சு. 2023 அக்டோபர்ல ரோமாபுரில நடந்த ஆயர் மாமன்றத்துல முதல் தடவையா பெண்களும் ஓட்டுப் போட்டாங்க. ரோமாபுரில ஓட்டுப் போடலாம், நம்ம ஸ்டோர் ரூம் சாவி வச்சுக்கக் கூடாது, அப்படித்தானே?

எங்க பக்கமும் அழுக்கு இருக்கு, அதச் சொல்லாம விட்டா இந்த மடல் ஞாயமா இருக்காது. வீடு சந்திக்கப் போனவங்கள்ல சில பேரு அந்த வீட்டுக் கதைய குழாயடில வந்து அவுத்து விட்டுடறாங்க, ஒரு குடும்பம் அதனாலயே எங்களுக்குக் கதவு திறக்கறதில்ல. மாதா சபைக்கும் சேனைக்கும் யாரு பீடம் சோடிக்கறதுன்னு வருசா வருசம் மூஞ்சி திருப்பல். இதெல்லாம் சின்னது. பெருசு ஒண்ணு இருக்கு, எழுதவே கை கூசுது, கண்மாய்க்கு அந்தப் பக்கம் காலனிக்குப் போறதுன்னா எங்கள்ல சில பேருக்கு அன்னைக்குன்னு பாத்து தலைவலி வந்துரும். போனாலும் வாசல்ல நின்னு பேசிட்டு வந்துருவாங்க, தண்ணி குடிக்கமாட்டாங்க. ஒரே நற்கருணைய நாக்குல வாங்குறோம், ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிக்க முடியல. ஓரியூர்ல அருளானந்தர் 1693ல தலைய வெட்டக் குடுத்த மண்ணுக்கு வருசா வருசம் பஸ் புடிச்சுப் போயி வேண்டிக்கிட்டு வர்றோம்ல, அத நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு. இத நாங்க எங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சிருக்கோம், ரெண்டு பேரு கோவிச்சுக்கிட்டு வராமப் போயிட்டாங்க, போகட்டும். காலனியில இருந்து மூணு பேரு புதுசா சேந்திருக்காங்க, அதுல ஒருத்தி நர்ஸ் வேலை பாத்தவ, புண்ணுக்கு எப்படி துணி மாத்தறதுன்னு எங்களுக்கு இப்ப அவதான் சொல்லித் தர்றா.

போட்டோ விஷயத்தயும் சொல்லிடறேன். போன கிறிஸ்துமசுக்கு சேலை குடுக்கறப்ப மேடை போட்டு, வரிசைல நிக்க வச்சு, ஒரு சேலைக்கு ஏழெட்டுப் பேரு கை நீட்டி போட்டோ எடுத்து குரூப்ல போட்டீங்க. வரிசைல நாலாவதா ஒரு பாட்டி நின்னுச்சு, மில்லுல வேலை பாத்து ரெண்டு பிள்ளைகளப் படிக்க வச்ச பாட்டி, முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டு சேலைய வாங்குச்சு. போட்டோ எடுத்தவரு 'பாட்டி, முந்தானைய எடுங்க, மூஞ்சி தெரியணும்'னாரு. அதோட சரி, அந்தப் பாட்டி எங்க கிட்ட எதுவும் வாங்கறதில்ல. மாத்திரை தீந்து போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியுது, வாங்கிட்டுப் போயி அந்தப் பக்கத்து வீட்டுக்காரி குடுத்த மாதிரி குடுத்துட்டு வர்றோம். திருத்தூதர் பணிகள்ல தபித்தா கதை வருமே, யோப்பாவுல, செத்துக் கிடக்கப்ப விதவைப் பொம்பளைக எல்லாம் சுத்தி நின்னு அழுதுக்கிட்டே அவ தச்சுக் குடுத்த அங்கிகள பேதுருகிட்ட எடுத்து எடுத்துக் காட்டுனாங்க. தையக்காரிங்கறதால எனக்கு அந்த இடம் வாசிக்கிறப்ப எல்லாம் தொண்டை அடைக்கும். அங்க துணியக் காட்டுனது வாங்குனவங்க. குடுத்தவ காட்டல.

கொரோனா வருசம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கோவில் பூட்டுன அந்த மாசங்கள்ல நாங்க வீட்ல இருந்தே மாஸ்க் தச்சோம், என் மெஷின் ராத்திரி பகலா ஓடுச்சு. கூட்டம் இல்ல, பேரவை இல்ல, சாவி இல்ல, பூட்டு இல்ல. யாரு வீட்ல என்ன இல்லைன்னு போன்ல தெரிஞ்சுக்கிட்டு, வாசல்ல வச்சுட்டு தள்ளி நின்னு கூப்பிட்டுட்டு வந்துருவோம். அன்னைக்கு யாரும் எங்ககிட்ட கணக்குக் கேக்கல, ஆனா எழுதி வச்சோம், நாலு ரூல்டு நோட்டு, இன்னமும் என் மெஷின் டிராயர்ல கிடக்கு, யாருக்கு எத்தனை கிலோ, யாரு குடுத்தது, தேதியோட. வேணும்னா வந்து பாருங்க.

அதனால கேக்கறது இதுதான். ஸ்டோர் ரூமுக்கு ரெண்டாவது சாவி அடிச்சு, கோவில் வேலைகளப் பாக்குற கோவில்பிள்ளையோட வீட்டம்மாகிட்ட குடுங்க, அவங்க வீடு காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு, எந்த நேரமும் எந்திரிச்சு வருவாங்க. அந்தோணியார் உண்டியல திறக்கறப்ப சேனைல இருந்து ஒருத்தி, வின்சென்ட் சபைல இருந்து ஒருத்தி கூட நிக்கட்டும், அந்தக் காச தனி நோட்டுல எழுதி மத்த கணக்கு வாசிக்கிற ஞாயித்துக்கிழமை சேத்து வாசிங்க, மைக் செட்டுக்கு எடுத்தத திரும்பப் போடுங்க, தவணைலயா போட்டாலும் சரி, எங்களுக்கு தவணை பழக்கம்தான். நிதிக்குழுவுக்கு ரெண்டு பொம்பளைகள எடுங்க, ஆனா யாருன்னு நாங்க சொல்றோம், பொருளாளர் வீட்டம்மாவையும் செயலாளர் மச்சினியையும் உக்கார வச்சுட்டு ரெண்டு பேரு ஆச்சுன்னு சொல்லக் கூடாது. போட்டோ வேணாம். சால்வை போடணும்னு ஆசைப்பட்டா நல்ல காட்டன் துண்டு வாங்கிப் போடுங்க, படுக்கைல கிடக்கவங்களுக்கு ஆகும். அண்டாவ வாடகை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க, யாரு வீட்டு விசேசத்துக்காவது அவசரம்னா நாங்களே குடுப்போம், காசு வாங்காம, வெள்ளிக்கிழமை இல்லாத நாளு.

சாமி, நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நம்பறேன். இந்தத் தவக்காலத்து முதல் வாரம் கஞ்சி ஊத்தற இடத்துல வரிசைல கடைசியா வந்து தட்ட நீட்டுனீங்க, நாங்க பதறிப் போயி நாற்காலி போட ஓடுனோம், நீங்க பிள்ளைகளோட தரைல உக்காந்துட்டீங்க. அதப் பாத்த தைரியத்துலதான் எழுதறேன். அண்ணன்மார் கோவிச்சுக்குவாங்க, தெரியும், ரெண்டு நாளு பேசமாட்டாங்க, மூணாவது நாளு சப்பரத்துக்கு பூ கட்ட ஆளு வேணும்னு போன் வரும்.

கடைசியா ஒரு அவசரம். வர்ற செவ்வாய்க்கிழமை ஈயம் பூசறவரு நம்ம தெருப்பக்கம் வர்றாரு, இப்பல்லாம் அவரப் புடிக்கிறது குதிரைக் கொம்பா இருக்கு. அண்டாவுல ஈயம் தேஞ்சு பித்தளை தெரியுது, அப்படியே கஞ்சி வச்சா களிம்பு ஏறிடும், நசுங்கலையும் தட்டி எடுக்கணும். வெள்ளிக்கிழமை கஞ்சி இருக்கு. செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு யாராவது ரூமத் திறந்து விடுங்க, தூக்க நாங்க நாலு பேரு வர்றோம். ஈயக் கூலிய அந்தக் காதுகுத்து வாடகைல இருந்து குடுத்துட்டு, எந்தக் கணக்குல எழுதணுமோ நீங்களே எழுதிக்கங்க.

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

இப்படிக்கு,
தையக்கார அக்கா, கூட அந்த ஏழு பேரு